மர விமானம்

கல்யாணம், கார்த்திகை என்று நாலு பேர் கூடினால் எடுத்து விடுவதற்கென்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பரிகாசக் கதை இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கிறதா, இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயிலைத் தவறவிட்ட சித்தப்பா, ரசத்தில் சர்க்கரையைப் போட்ட நாத்தனார் என்று யாராவது ஒருவர் அதில் அகப்பட்டுக்கொண்டிருப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அகப்பட்டுக்கொண்டவரும் கூடச் சேர்ந்து சிரித்துத்தான் ஆக வேண்டும். வேறு வழி?

எங்கள் வீட்டுக் கதைக்கு 'மர விமானம்' என்று பெயர்.

என் அப்பாவுக்கு ஓர் அத்தை. எனக்கு அத்தைப் பாட்டி. வயது 82. பிள்ளை குட்டி கிடையாது. பாட்டியின் கணவரை நாங்கள் தாத்தா என்றே கூப்பிடுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குப் போய், அங்கே விமானத் தொழிற்சாலையில் தச்சு வேலையில் சேர்ந்தவர். ஓய்வு பெற்றபின் இருவரும் சென்னைக்கு வந்து எங்கள் வீட்டோடு இருந்தார்கள். தாத்தா அதிகம் பேசமாட்டார். பேசினால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவார். "ஜெட் விமானத்தை முதல்லே மரத்திலேதான் செஞ்சோம். நான் கூட நின்னு செஞ்சேன்" என்பார்.

நீங்களே சொல்லுங்கள், இதை யாராவது நம்புவார்களா? "மாமா செஞ்ச விமானம் எங்கே இருக்கு, கொலுப் படியிலேயா?" என்பார் என் அப்பா. "ராவணன் கிட்டேயிருந்து ஆர்டர் வந்ததாமே!" என்பார் சித்தப்பா. நாளடைவில் தாத்தாவுக்குப் 'புஷ்பக விமானம்' என்று பட்டப் பெயரே நிலைத்துவிட்டது. பத்திரிகைகளில் கல்யாணப் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்று அடையாளம் சொல்வதுபோல, "புஷ்பக விமானம் வீட்டார் வந்தாச்சா?" என்று கேட்பார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? எனக்கு அப்போது 12 வயது. ஒரு தீபாவளியன்று காலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தாத்தா வழக்கம்போல ஆரம்பித்தார். "மரத்திலே செஞ்சா தீப்பிடிச்சுக்காதா தாத்தா?" என்று கேட்டேன். அன்று எழுந்த சிரிப்பைப் போல எங்கள் கூடத்தில் அதற்கு முன்னும் பின்னும் எழுந்ததில்லை. சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் விமானப் பேச்சை எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது அதை யார் கவனித்தார்கள்? மூன்று வருஷம் கழித்து அவர் காலமானார். கதை மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

போன மாதம் மைசூரில் ஒரு கிரகப் பிரவேசம். என் கணவர், நான், பத்து வயதுப் பையன், பாட்டி ஆகிய நாலு பேரும் காரிலேயே போவது என்று முடிவாயிற்று. அப்பா மூட்டு வலி என்று நழுவிவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் பாட்டி. பாட்டிக்கு ஒரு புறம் புளியோதரைத் தூக்கு, மறு புறம் முறுக்கு டின், மடியில் என் பையனின் தலை. வேலூரில் இட்லி, கிருஷ்ணகிரியில் காபி. சுங்கச் சாவடிகளில் எல்லாம் கார் நிற்காமலே பணம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பாட்டி அதிசயப்பட்டார். "நாம ஏமாந்துட்டோமான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என் கணவரிடம் அதற்குப் பதில் இல்லை.

ஓசூர் தாண்டும்போதுதான் பாட்டி மெதுவாக, "பெங்களூர்லே விமானமெல்லாம் நிறுத்தி வெச்சுக் காட்டறாங்களாமே, அங்கே கொஞ்சம் நிறுத்திட்டுப் போகலாமா?" என்றார்.

பாட்டி எங்களிடம் எதையும் கேட்டவரில்லை. புடவை வேண்டுமா என்றால் இருக்கிறது என்பார். டாக்டரிடம் போகலாமா என்றால் நாளைக்கு என்பார். என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்தை உங்களில் பெங்களூர் போய் வந்தவர்கள் அறிவீர்கள். அதற்குள் மனமறிந்து ஒரு தடவை கூடுதலாக நுழைவது சாமானியத் தியாகம் அல்ல. ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லாமல் மாரத்தஹள்ளிப் பக்கம் வண்டியைத் திருப்பினார். அவரைப் பற்றி நான் இந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கும் மற்ற விஷயங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளும்படி வாசகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

எச்.ஏ.எல். அருங்காட்சியகம் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. 2001-ல் திறந்தார்கள். மரங்களும் புல்தரையுமாகப் பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது. தாத்தா இதைப் பார்த்ததில்லை. இது திறப்பதற்கு முன்பே அவர் சென்னைக்கு வந்துவிட்டார். அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

முதலில் புகைப்படக் கூடம். 1940-லிருந்து பத்துப் பத்து வருஷமாகப் பிரித்துப் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அந்த வருஷம் டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் ஒத்தாசையோடு இந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். யுத்த காலத்தில் அமெரிக்க விமானங்கள் பழுது பார்க்க இங்கே வந்தன. தண்ணீரில் இறங்கும் 'கேட்டலினா' விமானங்கள் பக்கத்திலுள்ள பெள்ளந்தூர் ஏரியில் வந்து இறங்கினவாம். இன்றைக்கு அந்த ஏரியின் நுரையைப் பத்திரிகையில் பார்க்கிறவர்களுக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். யுத்தம் முடிந்து வேலை குறைந்தபோது இதே தொழிற்சாலை ரயில் பெட்டி செய்தது, பஸ்ஸுக்குக் கூடு கட்டியது. 1951-ல் டாக்டர் காட்கே என்ற நம் நாட்டு நிபுணர் வகுத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் பறந்தது. நம்மவர்கள் எத்தனையோ பேர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான்.

"அம்மா, அப்துல் கலாம் கூட இங்கேதான் டிரெய்னிங் எடுத்தாராம்! எங்க மிஸ் சொன்னாங்க" என்றான் பையன். வாஸ்தவந்தான். சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை முளைத்தது. படித்து முடித்துப் பயிற்சிக்கு வந்தது எச்.ஏ.எல்.லுக்கு. இங்கே இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலை பழகினார்.

பாட்டி ஒரு படத்தையும் நின்று பார்க்கவில்லை. "இதெல்லாம் நான் வர்றதுக்கு முந்தி" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். இஞ்சின்கள் வைத்திருக்கும் கூடத்தில்தான் முதன்முதலாக நின்றார். 'ஆர்ஃபியூஸ்' என்று எழுதியிருந்த பலகையைப் பையன் உரக்கப் படித்தான்.

"இதுதானா அது?" என்றார் பாட்டி. "இதைத்தான் உங்க தாத்தா தினமும் திட்டிக்கிட்டே இருப்பார்."

ஓர் இஞ்சினைத் தச்சர் ஏன் திட்ட வேண்டும்? கதை இதுதான். 1956-ல் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் டாங்க் என்ற விமான நிபுணரை நம் சர்க்கார் வரவழைத்தது. யுத்த காலத்தில் ஜெர்மனியின் பேர் பெற்ற போர் விமானங்களில் ஒன்றான ஃபோக்கே-வுல்ஃப் 190 இவர் வகுத்ததுதான். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் போகும் ஒரு போர் விமானத்தை நம் நாட்டிலேயே செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். அவரும் நம் பொறியாளர்களும் சேர்ந்து எச்.எஃப்.-24 என்ற விமானத்தை வகுத்தார்கள். 'மாருத்' என்று பெயர். மாருதம் என்றால் காற்றுதானே? அதற்கென்று அவர்கள் மனத்தில் வைத்திருந்தது ஆர்ஃபியூஸிலேயே சக்தி கூடின ஒரு பெரிய இஞ்சின். அதைச் செய்து முடிக்க ஆகும் செலவை இந்தியா தர வேண்டும் என்று பிரிட்டனில் கேட்டார்கள். நம் சர்க்கார் தரவில்லை. கடைசியில் சின்ன ஆர்ஃபியூஸ் இரண்டைப் பூட்டினார்கள். நூறு பேருக்குச் சமைக்கக் கோட்டை அடுப்பு வேண்டும் என்று பெரிய சமையற்கட்டாகக் கட்டிவிட்டு, அதில் இரண்டு பம்ப் ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. வேறு இஞ்சினுக்காக எகிப்து வரைக்கும் ஒரு விமானத்தை அனுப்பிப் பார்த்தார்கள். அந்தச் சம்பந்தமும் குதிரவில்லை. ஒலியின் வேகத்தை இரு மடங்கு தாண்ட வேண்டிய மாருத், நேராகப் பறக்கும்போது ஒரு மடங்கைக்கூடத் தாண்டியதில்லை.

ஆனாலும் அதைக் குறைவாகப் பேசக் கூடாது. சுமார் 150 விமானங்கள் செய்தார்கள். 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் அது நன்றாகவே வேலை செய்தது. அந்த யுத்தத்தில் எதிரி விமானம் எதுவும் ஒரு மாருத்தைக்கூட வானத்தில் சுட்டு வீழ்த்தியதில்லை. 1990-ல்தான் முழுக்க ஓய்வு கொடுத்தார்கள்.

வெளியே புல்தரையில் மிக்-21, கான்பெரா, கிரண், அஜீத் என்று பல விமானங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பாட்டி யாரையும் வழி கேட்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு நேராகப் போய் ஒரு விமானத்தின் எதிரே நின்றார். பலகையைப் பார்த்தேன். மாருத்.

ஊசி மூக்கு. பின்னுக்குச் சாய்ந்த இறக்கைகள். சுமார் 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இத்தனை நீளத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டி மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு நடை நடந்தார். மறுபுறமாகத் திரும்பி வந்தார். கோவிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரியே இருந்தது.

"எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்க?"

"கல்யாணமான புதுசிலே உங்க தாத்தா ராத்திரி சாப்பிட்டுட்டு, நான் கோலத்துக்கு வெச்சிருக்கிற மாவை எடுத்துச் சிமெண்டுத் தரையிலே இதைத்தான் போட்டுக் காட்டுவார். மூக்கு இவ்வளவு, இறக்கை இவ்வளவுன்னு. ரெண்டு கட்டு வீடுதானே, இடம் பத்தாது. வால் சமையலறைக்குள்ளே போயிடும். காலையிலே நான் தாண்டிப் போய் அடுப்பு மூட்டுவேன்." பாட்டி விமானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, "ஆனா இது இரும்பு. அவர் செஞ்சது இது இல்லே" என்றார்.

"அலுமினியம், பாட்டி" என்றான் பையன்.

என் மனத்துக்குள் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இத்தனை தூரம் வந்தும் 'இது இல்லே'தானா? கொலுப் படி விமானந்தானா?

"அப்போ அவர் செஞ்சது எங்கே பாட்டி?" என்று கேட்டேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது இதுக்கு முந்தி. இதே நீளம், இதே அகலம், எல்லாம் மரம். இஞ்சின் கிடையாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துட்டுப் போகும். மேலே போனதும் கயிறை அவிழ்த்து விட்டுடும். அது தானா மிதந்து வந்து இறங்கும். எத்தனையோ தடவை அப்படி விட்டாங்க. ஒரு நாள் சக்கரம் சரியா இல்லாம இறங்கி அடிபட்டுப் போச்சு. அன்னிக்கு அவர் வந்து சாப்பிடவே இல்லே. குழந்தை மாடியிலேருந்து விழுந்துட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒண்ணும் புரியலே. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆச்சு. நான் செஞ்ச குழம்பு பிடிக்கலேன்னு நினைச்சுக்கிட்டேன்."

பாட்டியை மர நிழலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கைப் போனை எடுத்தேன்.

வாசகிகளே, ஒன்றை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரார் சொல்வதைச் சரிபார்த்து எழுதுவது என் உத்தியோகம். ஒரு மந்திரி ஒரு பாலத்துக்கு இத்தனை கோடி என்று சொன்னால் நாலு பேரிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு நடிகை தன் வயதைச் சொன்னாலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மனுஷர் வருஷக்கணக்காகச் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. அதற்கு எனக்கு அந்தப் பெஞ்சில் எத்தனை நேரம் பிடித்தது தெரியுமா? ஐந்து நிமிஷம்.

எல்லாம் பதிவாகி இருக்கிறது. மாருத்தை உலோகத்தில் செய்வதற்கு முன், அதே அளவில், அதே வடிவ இறக்கைகளோடு, இஞ்சின் இல்லாத ஒரு மர விமானத்தைச் செய்தார்கள். அதற்கு எக்ஸ்-241 என்று பெயர். பெரிய செலவில்லாமல், இந்த வடிவம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும், கைப்பிடிக்கு எப்படிக் கட்டுப்படும், இறங்கும்போது எப்படி இருக்கும் என்று முன்கூட்டிப் பார்த்துவிடுவதற்காக. 1959-ல் அது பறந்தது. டகோட்டா விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டது. 70 தடவைக்கு மேல் மிதந்து இறங்கியபின், சக்கரம் சரியாக இல்லாமல் தரையைத் தொட்டுச் சேதமாயிற்று. பாட்டி சொன்னதில் ஒரு சொல் கூடப் பிசகில்லை.

அதற்கப்புறந்தான் உலோக மாருத் வந்தது. 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

"அன்னிக்கு உங்க தாத்தா மைசூர்பாகு வாங்கிட்டு வந்தார்" என்றார் பாட்டி, நான் தேதியைப் படித்ததும். "அல்சூர்லே எங்க வரிசை வீடு முழுக்கக் கொடுத்தார். எதுக்குன்னு கேட்டவங்களுக்கெல்லாம் காத்து நல்லா அடிக்குதுன்னார். ஃபேக்டரி சமாசாரம் வெளியே சொல்லக் கூடாதில்லையா?"

சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் மாருத்தின் இன்னொரு வகையைச் சோதித்துப் பார்க்கும்போது, புறப்பட்ட சில விநாடிகளில் விபத்தில் இறந்தார். பெங்களூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அதை நான் பாட்டிக்குப் படித்துக் காட்டவில்லை. பாட்டியே, "தாஸ் போன அன்னிக்கு எங்க வரிசையிலே எந்த வீட்டிலேயும் அடுப்பு மூட்டலே" என்றார்.

கொஞ்ச நேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பையன் ஐஸ்கிரீம் கேட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு போனான். எனக்கு அந்தத் தீபாவளி ஞாபகமாகவே இருந்தது. கீழே வைத்த டம்ளர். உதறிய துண்டு.

"பாட்டி, நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ ஒரு தீபாவளியன்னிக்கு…" என்று இழுத்தேன்.

"தீப்பிடிச்சுக்காதான்னு கேட்டியே, அதுவா?"

பாட்டிக்கு ஞாபகம் இருக்கிறது!

"ராத்திரி அவர் அதைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார். 'இத்தனை வருஷத்திலே அந்த ஒரு குழந்தைதான் நியாயமான கேள்வி கேட்டுது. மத்தவங்க யாரும் கேள்வியே கேட்கலே, சிரிக்கத்தான் சிரிச்சாங்க. அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்ல விடாமப் பண்ணிட்டாங்களே'ன்னார்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. "பதில் என்ன பாட்டி?"

"இஞ்சினே இல்லாத விமானத்திலே தீ எங்கேருந்து வரும்?"

பாட்டி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லில்லாத வாயால் வெகு நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஐஸ்கிரீமோடு திரும்பி வந்த என் கணவர், "என்ன ஆச்சு, ஏன் கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்று கேட்டார். பெங்களூர்த் தூசி என்று சொன்னேன். இஞ்சின் வைத்த மர விமானமும் உண்டு என்பதைப் பிறகு படித்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் 'மாஸ்கிட்டோ' என்று ஒன்றைப் பெரும்பாலும் மரத்தாலேயே செய்து, இரண்டு இஞ்சினைப் பூட்டி, ஆயிரக்கணக்கில் பறக்கவிட்டது. ஆகையால் என் கேள்வி அப்படியொன்றும் நியாயமானதில்லை. தாத்தா பெரிய மனசு பண்ணியிருக்கிறார்.

"பாட்டி, நீங்க சொன்னதெல்லாம் இதிலே அப்படியே போட்டிருக்கு" என்று போனை நீட்டினேன்.

பாட்டி அதை வாங்கவில்லை. "என்கிட்டே எதுக்குக் காட்டறே? எனக்குத் தெரியாததா? உங்கப்பனுக்குப் போன் போடு" என்றார்.

போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். மறுபக்கத்தில் டெலிவிஷன் இரைச்சல்.

"அப்பா, மர விமானம் நிஜம்."

"என்னது?"

சொன்னேன். 1959, டகோட்டா, எக்ஸ்-241, எல்லாவற்றையும். டெலிவிஷன் சத்தம் நின்றது. அப்பா எழுந்து போய் அதை அணைத்திருக்க வேண்டும். பேச்சு மட்டும் வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை 'ஹலோ' சொன்னேன்.

"அத்தை பக்கத்திலே இருக்காங்களா?" என்றார் அப்பா கடைசியில்.

பாட்டி கையை ஆட்டினார். "போன்லே எல்லாம் வேண்டாம். மைசூருக்கு வரச் சொல்லு. கிரகப் பிரவேசத்துக்கு வராம இருக்கறதுக்கு மூட்டு வலின்னு ஒரு சாக்கு!"

மைசூர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வழி முழுவதும் பாட்டி நிம்மதியாகத் தூங்கினார். பையன் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, முறுக்கு டின்னைக் காலி செய்தான்.

மறுநாள் காலை கிரகப் பிரவேச வீட்டில் ஒரே அமளி. ஹோமப் புகை, குழந்தைகள் அழுகை, சமையற்காரர் தேங்காய் பற்றவில்லை என்று சண்டை. அதற்கு நடுவில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார். எப்படியோ காவேரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்கி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வந்திருக்கிறார். சித்தப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, "வாங்க அண்ணா, புஷ்பக விமானத்திலே வந்தீங்களா?" என்றார். பழக்க தோஷம். அப்பா பதில் சொல்லவில்லை. சித்தப்பாவைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்து, பாட்டி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே நின்றார்.

"மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார் பாட்டி.

"பரவாயில்லே, அத்தை."

"அப்போ கீழே உட்கார்."

70 வயது மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ளத் தரையில் உட்கார்ந்தார். விடியற்காலையில் கோலம் போட்டு மிச்சமான மாவு ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே இருந்தது. பாட்டி அதைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். புது வீட்டுத் தரை, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்காரி என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயம். அப்பா இரண்டு விரலில் மாவை எடுத்து, பாட்டி சொல்லச் சொல்லக் கோடு இழுத்தார். சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். என் பையன், "இறக்கை பின்னாடி சாயணும் தாத்தா" என்றான்.

"போதுமா அத்தை?" என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"மூக்கு இன்னும் நீளம்" என்றார் பாட்டி.